உள்ளே மழை பெய்வதில்லை

மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டபோது காவிரிக் கரையோரச் சிற்றூர்கள் பல நீருக்குள் போயின. மக்கள் மேட்டுநிலம் தேடிக் குடிபெயர்ந்தனர். வழிபாட்டிடங்கள் பெயர இயலவில்லை. நீர்மட்டம் வெகுவாகத் தாழும் கோடைகளில், பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் தலைகாட்டுவதை இப்பகுதியார் அறிவர். சாந்து உதிர்ந்து, செங்கல் அரித்து நிற்கும் அக்கட்டடத்தின்மேல் நீரும் வெயிலும் மாறி மாறித் தம் கைவரிசையைக் காட்டியிருக்கின்றன. ஆயினும் அவ்வாலயம் ஆலயமாக இருந்த நாள்களில் அதனுள்ளே வேறு வகைத் தேய்மானமும் இருந்திருக்க வேண்டும். தீர்த்தத் தொட்டியின் விளிம்பு விரல்கள் பட்டுப் பட்டு வழவழத்திருக்கும். பாவசங்கீர்த்தனத் தொட்டியின் அருகே முழந்தாள்கள் பதிந்த இடம் சற்றே குழிந்திருக்கும். அவற்றையெல்லாம் வண்டல் மூடிவிட்டது. வெளிச்சுவரைத் தேய்ப்பது வானம். உட்புறத்தைத் தேய்ப்பது மனிதர். இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்க்கும்படி என்னைத் தூண்டியது, வேடிக்கைதான், ஒரு சாண் நீளமுள்ள பொம்மைப் பீரங்கி வண்டி.

பொம்மை என்று சொன்னால் அதைச் செய்பவர்கள் வருந்துவார்கள். அவர்கள் அதை 'ஸ்கேல் மாடல்' என்பார்கள். உண்மையான டாங்கியை 35-இல் ஒரு பங்காகச் சுருக்கி, நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் துண்டுகளாக அச்சிட்டுப் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். வாங்கியவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசி முடிக்கிறார். 35 என்ற அந்தக் கணக்கு வந்த வழி சுவையானது. ஜப்பானின் தமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மானியரின் 'பாந்தர்' டாங்கியை மாதிரியாக வெளியிட்டபோது, உள்ளே ஒரு மோட்டாரும் மின்கலங்களும் அடங்க வேண்டும் என்பதைக் கொண்டே உடலின் அளவைத் தீர்மானித்தது. அளந்து பார்த்தால் அது உண்மை வண்டியின் ஏறத்தாழ 35-இல் ஒரு பங்காக அமைந்திருந்தது. பின்னர் உலகெங்கும் அதுவே நடைமுறையாயிற்று. ஆகவே இக்கலையின் தொடக்கத்தில், வீரர்கள் உட்கார வேண்டிய இடத்தில் மின்கலங்கள் உட்கார்ந்திருந்தன. உள்ளே ஆள்கள் இருந்தார்கள் என்ற நினைவு எவருக்கும் எழ வேண்டியதில்லை.

இன்று நிலைமை வேறு. உட்புறம் முழுவதையும், இருக்கை, நெம்புகோல், குண்டுகள் அடுக்கும் தட்டு, வானொலிப் பெட்டி வரை, அச்சிட்டுத் தரும் நிறுவனங்கள் வந்துவிட்டன. அவற்றுள் பெயர் பெற்ற ஒன்றாகிய மினியார்ட், உக்ரைனின் தலைநகரான கீவ் நகரைச் சேர்ந்தது. 2022-க்குப் பின் அந்நகரின்மேல் விழுந்த குண்டுகளை எண்ணும்போது, அந்தப் பெட்டிகளைக் கையில் எடுக்கவே சற்றுத் தயக்கம் உண்டாகிறது.

செய்து முடித்த மாதிரி, கடையிலிருந்து அப்போதுதான் வந்த தண்ணீர்க் குடம்போல் மினுமினுக்கும். அது போதாதென்று, அதற்கு வயதேற்றும் வேலையை மேற்கொள்கிறார்கள். 'வெதரிங்' என்பது அதன் பெயர்: வெயிலும் மழையும் பட்டதுபோல் காட்டுவது. நம் ஊருக்கு அது புதிதாகத் தோன்றாது. அனல்மின் நிலையத்துச் சாம்பலும், இரும்பு வாயிற்கதவுகளில் படரும் துருவும் இங்கே கேளாமலே கிடைக்கும். அவற்றை ஒருவர் காசு கொடுத்து வாங்கி, மெல்லிய தூரிகையால் பொறுமையாகப் பூசுகிறார் என்பதுதான் வியப்பு.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் இதில் தேர்ந்தவர். அவர் வேலை செய்வதை இரண்டு மாலைகள் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் ரெட் ஆக்சைடு நிறத்தில் பிரைமர். அதன்மேல் தந்த நிறம். டாங்கியின் உட்புறம் இருண்ட குகை ஆதலால், உள்ள வெளிச்சத்தை வீணாக்காமலிருக்கப் பெரும்பாலும் வெள்ளையோ தந்த நிறமோதான் பூசுவார்களாம். அது காய்ந்தபின், தின்னரில் வெகுவாகக் கரைத்த கரும்பழுப்பு எண்ணெய் வண்ணத்தை மூலைகளிலும் ஆணித்தலைகளைச் சுற்றியும் ஓடவிட்டார். நெடுநாள் அழுக்கு அங்கே தங்கியதுபோல் ஆயிற்று. பிய்த்த ஸ்பாஞ்சுத் துண்டை வண்ணத்தில் தொட்டு, முக்கால் பங்கைக் காகிதத்தில் ஒற்றியெடுத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் தட்டினார். பூச்சு பெயர்ந்து உள்நிறம் தெரிவதுபோல் இருந்தது. பென்சில் கரியை விரலில் தொட்டுக் கைப்பிடிகளில் தேய்த்தார், இரும்பு பளபளத்தது. கடைசியில் தரைக்கு மட்டும் மண்ணிறப் பொடி.

இவற்றுள் ஒன்றும் கண்டபடி செய்யப்படவில்லை என்பதே நான் கவனித்தது. துரு எங்கும் பூசவில்லை. கேட்டதற்கு, உள்ளே மழை பெய்யாது, எண்ணெய்ப் பிசுக்கு வேறு இருக்கும், துருப்பிடிக்க வழியில்லை என்றார். அப்படியானால் 'வெதரிங்' என்ற பெயரே இவ்விடத்திற்குப் பொருந்தாது அன்றோ? டாங்கியின் வெளிப்புறம் பனியிலும் சேற்றிலும் வெயிலிலும் மூப்படைகிறது. உட்புறத்தை மூப்படையச் செய்வது அதிலிருக்கும் மூன்று நான்கு பேர் மட்டுமே. ஏறி இறங்கும் மூடியின் விளிம்பில் பூட்சுக் கால் உரசுகிறது. குண்டு நிரப்புபவர் ஒரே இடத்தில் நின்று திரும்புவதால் அந்தத் தரை தேய்கிறது. சுடுபவர் நெற்றியை வைத்துப் பார்க்கும் கண்ணாடியின் மெத்தையில் வியர்வை ஊறுகிறது. ஓட்டுநரின் மிதிகட்டைகளில் இடப்புறமும் வலப்புறமும் ஒரே அளவு தேய்மானம் இராது. உட்புறத்துக் கீறல் ஒவ்வொன்றும் ஓர் ஆளைச் சுட்டுகிறது. ஆளில்லாத அறையில் ஆள்களின் சரித்திரத்தை எழுதும் வேலை இது.

இங்கே வாசக அன்பர்கள் நம் கிறிஸ்துமஸ் குடிலை நினைத்துக்கொள்ளலாம். நாமும் மாதிரி செய்பவர்களே. தடித்த காகிதத்தைக் கசக்கிப் பழுப்பும் கறுப்பும் தெளித்துப் பாறையாக்குகிறோம், வைக்கோல் பரப்புகிறோம், கேழ்வரகு முளைப்பாரியை வயல் என்கிறோம். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ என்னும் ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் குடில் அமைத்தபோது உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். அங்கே சாணமும் சிறுநீரும் வாடையும் இல்லாமல் இருந்திருக்காது. நம் குடில்களில் அவை இல்லை. சீரியல் விளக்கு இருக்கிறது. எவ்வளவு அழுக்கைக் காட்டலாம், எதைக் காட்டாமல் விடலாம் என்ற கேள்வியை நாம் ஆண்டுதோறும் டிசம்பரில், கேள்வி என்றே உணராமல், தீர்த்துக்கொண்டிருக்கிறோம். தொழுவத்தைத் துப்புரவாக்கியதால் நாம் பொய் சொன்னவர்களாவோமா? அவ்வளவு கடுமையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஏழைமையின் வாடையை நீக்கிவிட்டு ஏழைமையை அழகு பார்க்கும் ஒரு பழக்கம் நம்மிடம் வளர்ந்திருக்கிறது என்பதை மறுக்கவும் இயலவில்லை.

போர் வண்டிக்கு வந்தால், தவறு எதிர்த் திசையிலும் நேரலாம். அழுக்கே அழகாகிவிடலாம். துருவும் கரியும் கண்ணுக்கு இனிமையாய் இருக்கின்றன. கண்காட்சிகளில் பரிசு பெறுகின்றன. ஆகவே இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கை நீள்கிறது. இதில் ஒரு கணக்குச் சிக்கலும் உண்டு. மாதிரியில் 1 மில்லிமீட்டர் நீளக் கீறல், உண்மை வண்டியில் 35 மில்லிமீட்டர், அதாவது இரண்டு விரல் அகலக் காயம். உண்மையில் ஒரு மில்லிமீட்டர் பெயர்ந்த பூச்சைச் சரியான அளவில் சுருக்கினால் கண்ணுக்கே தெரியாது. எனவே அளவில் முற்றிலும் உண்மையாக இருப்பவர் எதையும் காட்ட இயலாது. காட்ட விரும்புபவர் சற்று மிகைப்படுத்தியே ஆக வேண்டும். உவமை சொல்லும் ஆசிரியரும் மறையுரை ஆற்றும் குருவும் அறிந்த சங்கடம்தான் இது. மிகைப்படுத்துவதில் குற்றமில்லை. எதற்காக என்பது கையில் இருக்க வேண்டும். அந்த இளைஞர் ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு காரணம் சொன்னார்: இங்கே கை, இங்கே கால், இங்கே வெற்று உறை விழும். காரணமில்லாத கீறல் ஒன்றையும் அவர் வைக்கவில்லை. வெறும் அலங்காரமாகப் பூசிய அழுக்குக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டைத் தொலைவிலிருந்து பார்த்தால் சொல்ல முடியாது; பக்கத்தில் வந்தால் தெரிந்துவிடும்.

அப்போதுதான் என் மனத்தில் நெடுநேரமாக இருந்த கேள்வியைக் கேட்டேன்.

"இவ்வளவும் வைத்திருக்கிறீர்கள் தம்பி, இரத்தக்கறை ஒன்றையும் காணோமே?"

"அதெல்லாம் வைக்கிறதில்லீங்க ஐயா."

"ஏன், பார்க்கச் சகிக்காது என்றா?"

அவர் தூரிகையைத் துடைத்துக்கொண்டே, "அது அழுக்கு இல்லீங்களே" என்றார்.

இந்த விடை சரிதானா என்று நான் பல நாள் எண்ணிப் பார்த்தேன். எதிர்வாதம் எளிதில் கிடைக்கும். டாங்கி என்பது கொல்வதற்காகக் கட்டப்பட்ட வண்டி. உள்ளிருப்போரும் அதில் எரிந்து மாண்டிருக்கிறார்கள். வியர்வையை வரைந்துவிட்டு இரத்தத்தை விட்டுவிடுவது, போரைப் பணிமனை வேலைபோல் காட்டுவதாகாதா? தொழுவத்திலிருந்து சாணத்தை நீக்கியதைவிடப் பெரிய நீக்கம் அன்றோ இது?

ஆனால் தேய்மானம் என்பதன் இயல்பைச் சற்று ஆராய்ந்தால் அவர் சொன்னதில் உண்மை புலப்படுகிறது. தேய்மானம் திரும்பத் திரும்ப நிகழ்வதால் வருவது. ஒருமுறை கை பட்டால் இரும்பு தேயாது. ஆயிரம் முறை பட வேண்டும். ஒவ்வொரு முறையும் அற்பமானது, நினைவில் நில்லாதது. அவை சேர்ந்து ஓர் அடையாளமாகின்றன. சாவு அப்படிப்பட்டதன்று. அது ஒருவருக்கு ஒருமுறை நிகழ்வது, எதனோடும் சேர்ந்து ஒரு பழக்கமாகாதது. அதைத் தேய்மானத்தின் வரிசையில், எண்ணெய்க் கறைக்கும் தூசிக்கும் பக்கத்தில், அதே தூரிகையால் வைத்தால், ஒரு மனிதரின் முடிவு வண்டியின் மேற்பரப்பில் ஒரு நிறமாகிவிடும். காட்டாமல் விடுவது எப்போதும் மறைப்பதாகாது. காட்டினால் சிறுத்துப்போகும் பொருள்களும் உண்டு. தவக்காலத்தின் கடைசி நாள்களில் நம் ஆலயங்களில் சிலுவையையும் திருவுருவங்களையும் துணியால் மூடுவதை வெறும் துக்க வழக்கம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்; அதற்குள்ளும் இந்த அறிவு இருக்கிறது.

இதனோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரத்தத்தைக் காணவில்லை என்று குறைப்படுவோர், கையளவு தேய்ந்த ஒரு பிடியைப் பார்த்து அதிர்வதில்லை. எனக்கோ அந்தப் பிடிதான் அதிகம் உறுத்துகிறது. அதில் நாள்தோறும் கை வைத்தவன் சாப்பிட்டான், தூங்கினான், வீட்டுக் கடிதத்தை எதிர்பார்த்தான், சலித்துக்கொண்டான். போரின் பெரும்பகுதி காத்திருப்பதில் கழிகிறது என்று போர் கண்டவர்கள் சொல்கிறார்கள். ஒரு பிள்ளையின் அத்தனை சாதாரண நாள்களையும் உள்வாங்கிய இரும்பு அது.

துருவைப் பற்றி விட்டுப்போன செய்தி ஒன்று உண்டு. மாதிரி செய்வோரில் பலர் டாங்கியை உள்ளும் புறமும் துருவால் நிரப்பி, 'போர்க்களத்து வண்டி' என்று பெயரிடுகிறார்கள். அது பொருத்தமில்லை. போரில் இருந்த வண்டியைத் துடைத்து எண்ணெயிடுவது உள்ளிருப்போரின் உயிர்ப் பிரச்சினை; மண் புகுந்தால் பீரங்கி சிக்கிக்கொள்ளும். தவிர, இரண்டாம் உலகப் போரில் எத்தனையோ டாங்கிகள் துருப்பிடிக்கும் அளவுக்கு நெடுநாள் பிழைத்திருக்கவே இல்லை. கவனிக்க ஆளிருக்கும்வரை இரும்பு தேயும். ஆள் போனபின்தான் துரு உள்ளே நுழையும்.

இலங்கையின் ஆனையிறவில் இதைக் கண்ணால் காணலாம். 1991 ஜூலையில் அங்கிருந்த இராணுவ முகாமை விடுதலைப் புலிகள் தாக்கியபோது, இரும்புத் தகடுகளைப் பொருத்திக் கவச வண்டியாக மாற்றப்பட்ட புல்டோசர் ஒன்று முன்னேறி வந்தது. காமினி குலரத்ன என்ற இராணுவ வீரர் கையெறி குண்டுகளுடன் அதன்மேல் ஏறி, தம் உயிரைக் கொடுத்து அதை நிறுத்தினார். அந்த வண்டி பின்னர் ஏ-9 சாலையோரத்தில் அவருக்கு நினைவுச் சின்னமாக வைக்கப்பட்டது. உப்பங்கழிக் காற்றில் அதன் தகடுகள் துருவேறியவை. இது எவரும் தூரிகையால் பூசிய துரு இல்லை. மண் தள்ளவும் நிலம் திருத்தவும் பிறந்த ஓர் எந்திரம் அது. வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும் நாளை எசாயா கண்டார். கொழுக்களை வாள்களாக்கும் நாளை யோவேல் நூல் பேசுகிறது. அந்தப் புல்டோசர் யோவேலின் பக்கத்தைச் சேர்ந்தது. அதை நிறுத்திய வீரரின் பெயரை நினைவுச் சின்னம் தாங்கி நிற்கிறது. தம்மைக் கொடுத்தவரை மதிப்பது முறையே. அந்தத் தகடுகளுக்குப் பின்னாலும் ஆள்கள் இருந்தார்கள். நம் மொழி பேசிய தாய்மார்களின் பிள்ளைகள். நெம்புகோல்களில் அவர்கள் கை பட்ட இடத்தைத் துரு தின்றிருக்கும்.

நம் நாட்டில் நிலைமை தலைகீழ். 1965-இல் பஞ்சாபின் அசல் உத்தர் போரில் கைப்பற்றப்பட்ட பாட்டன் டாங்கிகளும், சென்னையை அடுத்த ஆவடியில் அதே 1965-இல் முதன்முதலாக வெளிவந்து பல்லாண்டு உழைத்து ஓய்ந்த விஜயந்தா டாங்கிகளும் நாட்டின் பல நகரங்களில் மேடைமீது நிற்கின்றன. விழா நாள் வந்தால் பச்சை வண்ணம் புதிதாக ஏறும். சக்கரங்களில் கறுப்பு பளபளக்கும். குழந்தைகள் ஏறிப் படம் எடுத்துக்கொள்வார்கள். உண்மை வண்டியைப் பொம்மைபோல் மினுக்குகிறோம். பொம்மையை உண்மைபோல் அழுக்காக்குகிறோம். மேடையிலுள்ள வண்டிகளில் மேல்மூடி பெரும்பாலும் திறக்காது. பாதுகாப்புக்கு அது தேவைதான். ஆயினும் உள்ளே நால்வர் இருந்தனர் என்பதை அந்தப் பச்சை வண்ணம் குழந்தைக்குச் சொல்வதில்லை.

1971 டிசம்பர் 16 அன்று, டாக்காவில் சரணடைவு ஒப்பமான அதே நாளில், மேற்கே பசந்தர் ஆற்றுப் போரில் பூனா ஹார்ஸ் படையின் இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால் தமது செஞ்சூரியன் டாங்கியினுள் மாண்டார். வயது 21. வண்டி தீப்பற்றியபின் வெளியேறும்படி வானொலியில் ஆணை வந்தும், பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்று சொல்லி உள்ளேயே இருந்தார். பரம்வீர் சக்கரம் அளித்தனர். 2001-இல் அவருடைய தந்தை, ஓய்வு பெற்ற பிரிகேடியர், முதுமையில் தாம் பிறந்த ஊரான சர்கோதாவைக் காணப் பாகிஸ்தான் சென்றார். அவரைத் தம் வீட்டில் வைத்து உபசரித்தவர் பிரிகேடியர் நாசர் என்ற பாகிஸ்தானியர். பெரியவர் திரும்பும் வேளை நெருங்கியபோது, உங்கள் மகன் என் கையால் இறந்தான் என்று நாசர் சொன்னார். அந்த நாளில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் எதிரே தெரிந்தது ஒரு டாங்கியின் வெளிப்புறம். உட்புறம் என்பதே போரில் எதிரிக்குத் தெரியாத பகுதி. 30 ஆண்டுகள் கழித்து, ஒரு வீட்டினுள் இருந்துதான் அவ்விருவரில் ஒருவர் மற்றவரின் தகப்பனுக்கு அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

மாதிரியின் உட்புறத்துக்கு இத்தனை நாள் செலவிடுவது வீண் என்போர் உண்டு. காரணம் எளிது: வேலை முடிந்ததும் மேலே சுழலும் கூண்டைப் பொருத்தி, தட்டுகளை ஒட்டிவிட்டால் உள்ளே ஒன்றும் தெரியாது. விரல்நுனி அளவுள்ள மேல்மூடியைத் திறந்து, டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தால், ஓர் இருக்கையின் முனை தெரியலாம். சிலர் இதற்காகவே பக்கவாட்டுத் தகட்டை வெட்டிக் காட்டுகிறார்கள்; காட்சிக்கு அது நன்று. பெரும்பாலோர் வெட்டுவதில்லை. மறைவில் செய்வதைக் காண்பவர் ஒருவர் உண்டென்று நம்புகிற நமக்கு அவர்களைப் பார்த்துச் சிரிக்கத் தகுதியில்லை. ஆனால் அவர்கள் அதையும் நினைத்துச் செய்வதாகத் தெரியவில்லை. அங்கே ஆள் இருந்தான், ஆகவே அங்கே தேய்ந்திருக்கும், அவ்வளவே. ஒட்டுவதற்கு முன் ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்வது வழக்கம். சிலர் அதையும் எடுப்பதில்லை.